குங்குமத்துக்கு அடியில் ஒரு நம்பர்

கியாசுதீன் பாயைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் ஊரில் ஆளாளுக்கு அவரைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள். போன வாரம் காந்தி ரோட்டு டீக்கடையில் ஒருவன், "துப்பாக்கி நம்பர அரம் போட்டு அழிச்சிட்டு மாட்டிக்கினாரே, அந்த பாய்தானே?" என்று கேட்டுச் சிரித்தான். கன்னத்தில் ஒன்று விடலாமா என்று கை துறுதுறுத்தது. பிறகு யோசித்தேன். பாய் செத்து மூன்று வருஷம் ஆகிறது. இந்தப் பையனுக்கு அந்தக் கதையை யார் கொடுத்தது? நான்தான் கொடுத்தேன். கோதண்டபாணி, ஓய்வுபெற்ற கிளார்க், சின்ன காஞ்சிபுரம். காசைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

எந்த அலுவலகத்தில் வேலை பார்த்தேன் என்று சொல்லமாட்டேன். லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்ட வேண்டிய இடம், அது போதும். அந்த செக்‌ஷன் ஒன்பது வருஷம் என்னிடம் இருந்தது. ஜனவரி மாதம் வரிசையாக வருவார்கள். லைசென்ஸ் புத்தகத்தில் இருக்கும் நம்பரும் துப்பாக்கியில் இருக்கும் நம்பரும் ஒன்றா என்று பார்த்து, 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஒரு துப்பாக்கிக்கு அரை நிமிஷம். துப்பாக்கியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எந்த முனையில் குண்டு வரும் என்பது மட்டும்தான்.

பாய்க்குத் தெரிந்தது வேறு. ஒலிமுகமதுபேட்டையில் பள்ளிவாசலுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் கடை. ஆற்காட்டு நவாப் காலத்தில் வந்த பூட்டுக்காரர்கள் குடும்பம். கடைக்குப் பூட்டு வரும், இரும்புப் பெட்டி வரும், பம்ப் ஸ்டவ் வரும், புடவையில் பூ விழுவதற்காகத் தறிக்கு மேலே மாட்டுகிறார்களே, அந்த ஜக்கார்டு பெட்டி வரும். ஆனால் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தது ஒரே ஒரு காகிதம்தான், துப்பாக்கி ரிப்பேர் செய்ய சர்க்கார் கொடுத்த லைசென்ஸ். சுற்றுவட்டாரத்தில் அது அவர் ஒருவரிடம்தான் இருந்தது. தினம் காலையில் கடை திறந்ததும் முதலில் அந்தக் கண்ணாடியைத் துடைப்பார். அதைப் பார்த்து நான் கேலி செய்திருக்கிறேன்.

அவருக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. இருபது வயதில், வேலை இல்லாத ஒரு கோடையில், திருமுக்கூடல் கோயிலுக்குக் கல்வெட்டுப் படியெடுக்க வந்தவர்களுக்குக் கூலியாகப் போயிருக்கிறார். பாலாற்றில் தண்ணீர் சுமப்பது, கல்லைக் கழுவுவது. ஈரக் காகிதத்தைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி எடுத்தால் எண்ணூறு, ஆயிரம் வருஷத்து எழுத்து அப்படியே காகிதத்துக்கு வந்துவிடுவதைப் பார்த்தவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பிறகு துப்பாக்கி வேலைக்கு வந்தபோது அதையே இரும்புக்குச் செய்தார். விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, மெல்லிய காகிதத்தை வைத்து ஒற்றி எடுப்பார். குழலின் மேல் உள்ள பெயர், முத்திரை, நம்பர் எல்லாம் வந்துவிடும். அதை ஒரு நீள நோட்டில் ஒட்டி, பக்கத்தில் தேதி போடுவார். நானூறு துப்பாக்கிகளுக்கு மேல் அந்த நோட்டில் இருந்தன. துப்பாக்கி கடைக்குள் வந்ததும் முதலில் படி, அதற்கு அப்புறம்தான் எண்ணெய், திருப்புளி எல்லாம். இதில் யாருக்காகவும் வளைந்து கொடுக்கமாட்டார். ஒரே ஒரு தடவை வளைந்தார். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நல்ல மனிதர் என்று மொட்டையாகச் சொன்னால் யாருக்கு என்ன புரியும்? பெருநாளைக்கு அக்கம்பக்கத்துக்கெல்லாம் பிரியாணி போகும்போது கறி சாப்பிடாத எனக்கு மட்டும் தனிப் பையில் ஆப்பிளும் பேரீச்சம்பழமும் வரும். "பல்கீஸ் தனியா எடுத்து வச்சா, பயப்படாத சாப்பிடுங்க" என்பார். பல்கீஸ் அவர் மனைவி. என் டிரங்குப் பெட்டிக்குப் பூட்டு செய்து கொடுத்தவர் அவர்தான். கோபக்காரர் வேறு. சரியில்லாத திருகாணியோடு யாராவது துப்பாக்கியைக் கொண்டுவந்தால், இதைத் தொட்ட கை எது, காட்டு என்று சண்டைக்கு நிற்பார். என் அலுவலகத்தில் இருந்த எல்லோரையும் சேர்த்து ஒரு தட்டில் வைத்தாலும் அவருடைய ஒழுங்கு எங்களுக்கு வராது.

சரி, கண்ணாயிரத்துக்கு வருகிறேன். தென்னேரிக்காரன். நிலம் நீச்சு உண்டு, கட்சியில் பதவி உண்டு, யூனியன் சேர்மன் ஆக வேண்டும் என்ற ஆசை உண்டு. அவன் அப்பா காலத்தில் ஒரு வெள்ளைக்காரன் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வேட்டை ரைபிள் ஒன்று வீட்டில் இருந்தது. வேர்க்கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்குகிறது என்று அதற்கு லைசென்ஸ். அறுபத்தெட்டு பொங்கலுக்கு நாலு கட்சிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய், அவர்கள் முன்னால் இரண்டு தடவை பன்றியைக் கோட்டைவிட்டான். கண் மங்கிவிட்டது, மூக்குக் கண்ணாடி போட்டால் போதும். ஆனால் கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டது என்று ஓட்டுப் போடமாட்டார்களாம். அதனால் துப்பாக்கிக்குக் கண்ணாடி போடப் புறப்பட்டான். மெட்ராஸில் யாரோ ரிட்டயரான மிலிட்டரிக்காரரிடம் ஒரு டெலஸ்கோப்பு வாங்கிக்கொண்டு, ரைபிளையும் தூக்கிக்கொண்டு, பாய் கடைக்கு வந்தான்.

டெலஸ்கோப்பைத் துப்பாக்கியின்மேல் சும்மா வைத்துக் கட்டிவிட முடியாது. அதைத் தாங்கிப் பிடிக்க இரண்டு கால் வேண்டும். அதை மவுண்ட் என்பார்கள். டெலஸ்கோப்போடு ஒரு ஜோடி மவுண்ட் வந்திருந்தது, ஆனால் அது வேறு ஏதோ துப்பாக்கிக்குச் செய்தது. கால் நூல்கூட வித்தியாசம் இருக்காது, ஆனாலும் வளையம் குழாயைக் கவ்வவில்லை. அடிப்பாகத்தின் வளைவும் ரைபிளின் வளைவோடு உட்காரவில்லை. அதோடு பழைய காலத்து ரைபிள், தோட்டா மாற்றப் போல்ட்டின் பிடியை நேர் மேலே தூக்க வேண்டும். நடுவில் டெலஸ்கோப்பு இருந்தால் அதில் போய் இடிக்கும். இந்த ரைபிளைச் செய்தவன் யார், எந்த மாடல் என்று தெரிந்தால்தான் பொருத்தமான மவுண்ட் எது என்று தேட முடியும் என்று பாய் சொல்லிவிட்டார்.

பார்த்தால் எங்கேயும் பெயர் இல்லை. குழல் வந்து சேரும் கழுத்துப் பாகத்தில்தான் வழக்கமாகப் பெயரும் நம்பரும் இருக்கும். அந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கெட்டியாக அப்பிக்கொண்டிருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு. கலப்பை, அரிவாள், பம்ப்செட்டு எல்லாவற்றோடும் துப்பாக்கிக்கும் பொட்டு வைப்பது கண்ணாயிரம் வீட்டு வழக்கம். கண்ணாயிரம் அப்பா வைத்த அதே இடத்தில் முப்பது வருஷமாக வைத்துக்கொண்டு வந்தார்கள்.

பாய் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பொட்டை இரும்பால் சுரண்ட மனசு வரவில்லை. அதன்மேல் காகிதத்தை வைத்துக் கரி ஒற்றவும் மனசு வரவில்லை. அது அவர்கள் சாமிக்கு வைத்தது என்று நினைத்தார். தேங்காயெண்ணெய் விட்டு ஊறவைத்து, மெல்லிய துணியால் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து எடுத்து, அந்தக் குங்குமத்தைக் கீழே போடாமல் ஒரு காகிதத்தில் மடித்துக் கண்ணாயிரத்தின் ஆளிடம் கொடுத்தனுப்பினார். அப்புறம்தான் படி எடுத்தார். காகிதத்தில் ஒன்றும் வரவில்லை. பெயர் இல்லை, நம்பர் இல்லை, அரித்துப்போன புள்ளிகள்தான் வந்தன. வாழ்நாளில் ஒரே தடவை படிக்கு முன்னால் கையை வைத்தார். அதுவும் இன்னொருத்தர் சாமிக்குக் கொடுத்த மரியாதை.

லைசென்ஸ் புத்தகத்தில் ஒரு நம்பர் இருந்தது. அதே நம்பர் துப்பாக்கியின் அடியில், விசைக்கு முன்னால் உள்ள தகட்டில் தெளிவாக இருந்தது. அதை எழுதி மெட்ராஸில் ஒரு துப்பாக்கிக் கடைக்குக் கடிதம் போட்டார், இதற்கு மவுண்ட் கிடைக்குமா என்று. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அந்தக் கடையில் ஒரு கிழவர் இருந்தார் போல, பொறுமையாக எழுதியிருந்தார். நீங்கள் அனுப்பியது துப்பாக்கியின் நம்பர் இல்லை, அந்தத் தகட்டைக் கண்டுபிடித்தவனுக்குக் கொடுத்த பேட்டண்ட் நம்பர், அந்த ரகத்தில் வந்த எல்லாத் துப்பாக்கியிலும் அதுவேதான் இருக்கும், மரக்கட்டையைக் கழற்றிக் குழலின் அடியில் பாருங்கள் என்று.

பாய் கழற்றினார். கட்டைக்குள் காற்றே படாத இரும்பு, நேற்றுச் செய்ததுபோல நீலமாக இருந்ததாம். செய்த கம்பெனியின் முத்திரை, வருஷம், தோட்டா அளவு, ஐந்து இலக்க நம்பர் எல்லாம் துல்லியமாக இருந்தன. ஜெர்மன் மௌசர் உடம்பில் இங்கிலாந்துக் குழல் போட்ட ரைபிள் என்று கண்டுபிடித்துவிட்டார். அன்றைக்கு என் அலுவலகத்துக்கே ஓடிவந்து அந்தப் படியை மேஜைமேல் விரித்துக் காட்டினார். ஐம்பத்தைந்து வயது மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அதில் பாதி புரியவில்லை, ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மெட்ராஸ் கடையில் அதற்கு மவுண்ட் இல்லை. இறக்குமதியும் கிடையாது. ஆனால் துப்பாக்கி இன்னதென்று தெரிந்துவிட்டதால் பழைய கேட்டலாக்கிலிருந்து ஒரு படத்தை வரைந்து அனுப்பியிருந்தார்கள். பாய் அதைப் பார்த்து, உடைந்த ஜக்கார்டு பெட்டியின் இரும்புச் சட்டத்தை அறுத்து, ராவி, ஒன்றரை மாதத்தில் ஒரு ஜோடி மவுண்ட் செய்தார். டெலஸ்கோப்பு நடுவில் நிற்காமல் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கும்படி செய்திருந்தார், போல்ட்டின் பிடியைத் தூக்க இடம் விட்டு. அதை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். விளிம்பில் விரல் ஓட்டினால் எங்கேயும் தடையில்லை. ரைபிளின் உடம்பில் நாலு ஓட்டை போட்டு முடுக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த ஓட்டையை அவர் போடவில்லை. லைசென்ஸில் இருக்கும் நம்பர் தப்பு, அது சரியாகாமல் இந்தத் துப்பாக்கியில் கருவி வைக்கமாட்டேன் என்றார். கண்ணாயிரம் திட்டிப் பார்த்தான். அவர் மசியவில்லை.

ஒரு மனு எழுதிக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார். லைசென்ஸில் உள்ளது பேட்டண்ட் நம்பர், உண்மையான நம்பர் இது, திருத்திக் கொடுக்கவும். அதோடு நின்றிருக்கலாம். பாய் நிற்கவில்லை. கழுத்தில் இருந்த நம்பர் அழிந்திருக்கிறது, குங்குமம் பட்டு அரித்திருக்கலாம் என்று கண்டதைக் கண்டபடி எழுதியிருந்தார். நான் அதை வாசித்தேன். அந்த வரியை எடுத்துவிடுங்கள் பாய் என்று சொல்லியிருக்கலாம். அரை நிமிஷ வேலை. எனக்குத் தோன்றவே இல்லை. சீல் குத்தி உள்ளே அனுப்பினேன்.

துப்பாக்கியில் நம்பர் அழிந்திருந்தால் அது குற்றம். தப்பு நம்பர் எழுதியது முப்பதுகளில் செத்துப்போன ஏதோ ஒரு கிளார்க், அவனை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் நம்பர் அழிந்தது என்று காகிதத்தில் வந்துவிட்டால் அழித்தவன் ஒருவன் வேண்டும். ஆபீசர் கண்ணாயிரத்தைக் கூப்பிட்டுவிட்டார். என்னையும் அறைக்குள் கூப்பிட்டார்.

கண்ணாயிரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான் நின்றுகொண்டிருந்தேன். அவன் ஒரே பிடியாகப் பிடித்தான், துப்பாக்கியைக் கொடுக்கும்போது நம்பர் இருந்தது, டெலஸ்கோப்பு மாட்டுகிறேன் என்று பாய்தான் அரம் போட்டு அழித்துவிட்டான் என்று. குங்குமம் அரித்தது என்று மனுவில் இருக்கிறதே என்று ஆபீசர் கேட்டதும் குரலை உயர்த்தினான். "எங்க வீட்டு ஆயுத பூஜைய ஒரு துலுக்கன் குத்தம் சொல்றதா? ஊருக்குள்ள சொன்னா என்ன ஆவும் தெரியுமா சார்?" ஆபீசர் அந்த வரியின் மேல் விரலை வைத்து மூடிக்கொண்டார். அந்த அறையில் மறுபடி குங்குமத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார். "பாணி, ஜனவரில நீதான சரிபாத்த? கழுத்துல நம்பர் இருந்துதா, இல்லியா?"

எனக்கு அது தெரியும். மற்றவர்களுக்கெல்லாம் சந்தேகம், எனக்கு மட்டும் தெரியும். ஒன்பது ஜனவரியிலும் அந்த இடத்தில் குங்குமம்தான் பார்த்தேன். அடித்தகட்டு நம்பரைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அதுமட்டுமா? அறுபத்தாறு அக்டோபரில் வேறு வேலையாகத் தென்னேரி போனவன், ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கண்ணாயிரம் வீட்டுக் கிணற்றடியில் அவன் மனைவி பொன்னியம்மாளைப் பார்த்தேன். பித்தளை விளக்குகளோடு சேர்த்து அந்த ரைபிளையும் புளியும் செங்கல் தூளும் போட்டு அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். துப்பாக்கியின் கழுத்தில் எழுத்து ஒன்றும் இல்லை, வழவழவென்று இருந்தது. "துப்பாக்கிகூட பளபளன்னு ஆயிடுச்சும்மா" என்று நானே சொன்னேன். வருஷா வருஷம் இப்படித்தான் தேய்ப்பேன் என்று அவள் பெருமையாகச் சொன்னாள். மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

இல்லை என்று சொன்னால் ஒன்பது வருஷம் நம்பர் அழிந்த துப்பாக்கியை விட்டுவைத்தவன் நான் என்று ஆகும். ஒன்பது கையெழுத்து. சஸ்பென்ஷன் நிச்சயம். என் பெண் தேவகிக்கு ஆனி மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் சர்க்கார் உத்தியோகஸ்தர் வீட்டுப் பெண் என்று வந்தவர்கள். இதெல்லாம் அந்த அரை நிமிஷத்தில் மனசில் ஓடியது.

"இருந்துது சார்" என்றேன். மேலே ஒரு நம்பர், கீழே ஒரு நம்பர் இருந்தது, கீழே உள்ளது லைசென்ஸோடு ஒத்துப்போனதால் கையெழுத்துப் போட்டேன் என்று அழகாகக் கோர்த்துச் சொன்னேன். ஆபீசர் மூச்சு விட்டார். கண்ணாயிரம் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். அவன் தலையாட்டலை வாங்கிக்கொள்கிற இடத்துக்கு வந்துவிட்டேனே என்று அன்றைக்குக்கூட எனக்கு உறைக்கவில்லை. தப்பித்தோம் என்றுதான் இருந்தது.

போலீஸ் வந்து ரைபிளையும் டெலஸ்கோப்பையும் அந்த மவுண்டையும் எடுத்துக்கொண்டு போனது. பாய் மேல் கேஸ். பதினாலு மாசம் நடந்தது. வக்கீல் குங்கும விஷயத்தைச் சொல்லலாமா என்று கேட்டதற்கு, அடுத்தவர் சாமி கும்பிட்டதைக் கோர்ட்டில் குற்றம் சொல்லமாட்டேன் என்று பாயே தடுத்துவிட்டாராம். நான் சாட்சிக் கூண்டில் ஏறி அதே பாடத்தை ஒப்பித்தேன். பாய் எதிரே நின்றுகொண்டிருந்தார். நான் பேசப் பேச முகத்தைச் சுளித்து, கோபமே இல்லாமல், எதையோ ஞாபகப்படுத்திப் பார்க்கிறவர் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை என்னவென்று எனக்கு அப்போது புரியவில்லை. குறுக்கு விசாரணை ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. கேஸ் போட்ட வருஷம் ஆனி மாதமே தேவகி கல்யாணம் நன்றாக நடந்திருந்தது. பாய்க்குப் பத்திரிகை அனுப்பவில்லை, ஆனாலும் பல்கீஸ் யார் மூலமாகவோ பழக்கூடை கொடுத்தனுப்பினாள்.

கடைசியில் அழித்ததைக் கண்ணால் பார்த்தவர் இல்லை என்று சந்தேகத்தின் பலனைக் கொடுத்து பாயை விட்டுவிட்டார்கள். ரைபிள் கண்ணாயிரத்துக்கே திரும்பிப் போனது. பாய் கண்டுபிடித்த நம்பரை லைசென்ஸில் சிவப்பு மையால் திருத்தி எழுதினேன். என் கையால்தான் எழுதினேன். அவர் செய்த மவுண்டைக் கண்ணாயிரம் மெட்ராஸுக்கு எடுத்துக்கொண்டு போய் நாலு ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு வந்தான். ஒரு நூல் பிசகவில்லையாம், அங்கே இருந்த ஆள் இதைச் செய்தது யார் என்று கேட்டானாம். இதை என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கண்ணாயிரமே சொன்னான். என்ன பதில் சொன்னான் என்று நான் கேட்கவில்லை. அந்த வருஷம் சேர்மனும் ஆனான்.

கேஸ் நடந்தபோதே பாயின் ரிப்பேர் லைசென்ஸ் காலாவதியாகிவிட்டது. கேஸ் போனபின் புதுப்பிக்கத் தடையில்லை. விண்ணப்பம் வந்தால் ஒரே வாரத்தில் முடித்துக் கொடுத்துவிடலாம், பாவத்தில் கொஞ்சமாவது கழியும் என்று காத்திருந்தேன். ஒரு மாசம், இரண்டு மாசம். வரவில்லை. ஆடி மாதம் ஒரு பிற்பகலில் பாரத்தை நானே எடுத்துக்கொண்டு ஒலிமுகமதுபேட்டைக்குப் போனேன்.

கடையில் பூட்டு இல்லை, ஸ்டவ் இல்லை. சுவரில் அந்தக் கண்ணாடி இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. பாய் தரையில் உட்கார்ந்து, ஜக்கார்டு பெட்டியில் வரிசையாக இருக்கும் கம்பிக் கொக்கிகளில் வளைந்ததை எடுத்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். தறிக்காரர்கள் வீட்டில் யார் வேண்டுமானாலும் செய்கிற வேலை. என்னைப் பார்த்ததும் எழுந்து முக்காலியைத் துடைத்துப் போட்டார். எனக்கு உடம்பு கூசியது.

பாரத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"வேணாம் சார். கொக்கி வேலையே போதும். இதுல நம்பர் இல்ல."

அவர்மேல் தப்பில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டதே என்றேன். என்னுடைய வாயிலிருந்து வந்தது அது.

அவர் ஒரு கொக்கியை எடுத்து விரலில் உருட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "கோர்ட்டு வேற சார். நானும் மொதல்ல குங்குமந்தான் அரிச்சிருக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன். அப்புறம் கூண்டுல நீங்க ஜனவரில பாத்தேன்னு சொன்னீங்க. கண்ணாயிரம் பொய் சொல்லுவான். நீங்க ஏன் சொல்லப் போறீங்க? அன்னியிலருந்து யோசிச்சிக்கினே இருக்கேன். எண்ணெ போட்டுத் தொடச்சேன், அது ஞாபகம் இருக்குது. துணில இரும்பு தேய்க்கற எமரித் தூள் ஒட்டிக்கினு இருந்துதோ என்னவோ. படி எடுக்காம கைய வச்சேன் இல்ல? வயசாவுது சார். கை என்ன செய்யுதுன்னு எனக்கே தெரியாதப்போ, அடுத்தவன் துப்பாக்கிய எப்டித் தொடறது?"

கூண்டில் அவர் பார்த்த பார்வை இதுதான். என் மேல் அவருக்குக் கோபமே இல்லை. தன் கையைத்தான் அவர் விசாரித்துக்கொண்டிருந்தார்.

பல்கீஸ் உள்ளிருந்து தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நிலைப்படியோரம் நின்றாள். பாய் மூலையிலிருந்து அந்த நீள நோட்டை எடுத்தார். கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். கழுத்துப் பாகத்தின் படி. கரிய கட்டத்தில் அரித்த புள்ளிகள், ஓரத்தில் எண்ணெயோடு ஊறிய குங்குமக் கறை. அதன் கீழே மட்டும் அவர் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"ஒரே ஒரு தபா கேக்கறேன், கோவிச்சிக்காதீங்க. நீங்க நெஜமா பாத்தீங்க இல்ல சார்?"

இல்லை பாய், பொன்னியம்மாள் புளி போட்டுத் தேய்த்தாள், என் கண்ணால் பார்த்தேன், உங்கள் கை ஒரு தப்பும் செய்யவில்லை. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஆபீசர் அங்கே இல்லை, கண்ணாயிரம் இல்லை, தேவகி புருஷன் வீட்டுக்குப் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஆனால் கூண்டில் சத்தியம் செய்து பொய் சொன்னவனுக்கு ஜெயில் என்று சட்டம் படித்தவன் நான், பென்ஷனுக்கு இன்னும் ஐந்து வருஷம் இருந்தது. பல்கீஸ் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தேன் பாய்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அப்போ சரி" என்றார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, தேதி போட்டு, அந்தப் படியின் கீழே தமிழில் நிறுத்தி நிறுத்தி எழுதினார். 'இங்கு நம்பர் இருந்தது. என் கையால் அழிந்தது.' கீழே கையெழுத்துப் போட்டு, நோட்டை மூடி என்னிடம் நீட்டினார். தனக்கு இனி வேண்டாம், ஆபீசில் எந்தத் துப்பாக்கியிலாவது சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஆறு வருஷம் கொக்கி நிமிர்த்தினார். எழுபத்தைந்தாம் வருஷம் மூச்சுத்திணறலில் போய்ச் சேர்ந்தார். நான் மண் போடப் போகவில்லை. நோட்டு என் டிரங்குப் பெட்டியில், பென்ஷன் ஆர்டருக்கு அடியில் இருக்கிறது. பூட்டு அவர் போட்டதுதான், இன்றுவரை ரிப்பேர் வந்ததில்லை.